சதுரங்கப் பலகையில் கணிதத்தை எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சதுரங்கம் பயிலும் குழந்தைகளுக்குக் கணிதம் தானாகவே கைவந்துவிடும் என்ற கருத்தை வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நெடுங்காலமாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற முறையிலும், சதுரங்கத்தை மனமார நேசிப்பவன் என்ற முறையிலும் அக்கட்டுரையைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்களின் பார்வைக்கு வைக்க விரும்புகிறேன். குழந்தைகள் சதுரங்கம் கற்க வேண்டும் என்ற கட்டுரையாளரின் விருப்பத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலான உறவை அவர் மதிப்பெண் பட்டியலில் தேடுகிறார். அந்த உறவு மெய்யானது, ஆழமானது. அது இருக்கும் இடம் வேறு என்பதே என் கருத்து.

முதலில் மதிப்பெண் விஷயத்தை முடித்துவிடலாம். இங்கிலாந்தில் நூறு தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் குலுக்கல் முறையில் ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே பயிற்சியாளர்களைக் கொண்டு சதுரங்கம் கற்பித்து, மற்றப் பள்ளிகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. பயிற்சி முடிந்து ஓராண்டுக்குப் பின் நடந்த கணிதத் தேர்வில் இரு தரப்புக் குழந்தைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. சதுரங்கத்தால் கணித மதிப்பெண் உயர்ந்தது என்று கூறும் சிறிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றுள் பல, சதுரங்கக் குழுவை எதுவுமே செய்யாத இன்னொரு குழுவோடு ஒப்பிடுகின்றன. புதிய ஆசிரியர், புதிய விளையாட்டு, கூடுதல் கவனம் ஆகியவை தரும் உற்சாகத்தையும் சதுரங்கம் தரும் பயனையும் அத்தகைய ஒப்பீட்டால் பிரித்தறிய முடியாது.

இம்முடிவில் வியப்படைய ஒன்றுமில்லை என்பதை 1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் இருவர் நடத்திய சோதனை உணர்த்துகிறது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் இருந்த நிலையைச் சில விநாடிகள் மட்டும் காட்டிவிட்டு, காய்களை மீண்டும் அடுக்கச் சொன்னபோது, தேர்ந்த வீரர் புதியவரைவிடப் பன்மடங்கு காய்களைச் சரியான கட்டத்தில் வைத்தார். அதே காய்களை ஒழுங்கில்லாமல் பலகையில் இறைத்துக் காட்டியபோது அந்த மேன்மை ஏறத்தாழ மறைந்துபோனது. ஆகவே தேர்ந்த வீரரிடம் இருப்பது பொதுவான நினைவாற்றல் அன்று. பல்லாயிரம் ஆட்டங்களில் பழகிப் பழகி மனத்தில் பதிந்த சதுரங்க அமைப்புகளே அவருடைய செல்வம். அந்தச் செல்வம் சதுரங்கத்தில் செல்லுபடியாகும். பின்னங்களைக் கூட்டும்போது அதைச் செலவழிக்க முடியாது.

இதற்கு மறுப்பாக, கணிதம் அறிந்த சதுரங்க வீரர்களின் பெயர்களை எடுத்துக்காட்டுவது வழக்கம். தங்கள் கட்டுரையும் அதைச் செய்திருந்தது. எமானுவேல் லாஸ்கர் 1894 முதல் 1921 வரை உலக சாம்பியனாக இருந்தவர்; கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1935இல் அலெக்ஸாந்தர் அலெகினை வென்று சாம்பியனான மாக்ஸ் யூவே கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். ஜான் நன் பதினைந்து வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, கணிதத்தின் ஒரு பிரிவான இடத்தியலில் ஆய்வு செய்து, கிராண்ட்மாஸ்டராகவும் விளங்கினார். எனினும் லாஸ்கரின் கணிதம் எதைப் பற்றியது என்று யாரும் சொல்வதில்லை. ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாகப் பிரிக்க முடிகிறதல்லவா, அதைப் போன்ற ஒரு பிரிவினை பல்லுறுப்புக் கோவைகளின் உலகில் எவ்வாறு அமையும் என்பதை 1905இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஆராய்ந்தது. கணித மேதை எம்மி நோதர் அதை 1921இல் மேலும் விரிந்த தளத்துக்குக் கொண்டுசென்றார். லாஸ்கர் ஹவானாவில் கபாபிளாங்காவிடம் பட்டத்தை இழந்ததும் அதே ஆண்டில்தான். இன்றைக்கும் இயற்கணித மாணவர்கள் லாஸ்கர்–நோதர் தேற்றம் என்று படிக்கும் அந்தக் கணிதத்தில் சதுரங்கத்தின் சாயல் சிறிதும் இல்லை. ஒரே மனிதருக்கு இரண்டிலும் ஆற்றல் இருந்தது என்பதைத் தவிர, ஒன்று மற்றொன்றைத் தந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கை சான்றாகாது.

அப்படியானால் உறவு எங்கே இருக்கிறது? பலகையிலேயே இருக்கிறது. வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பலகையின் நெடுக்கு வரிசைகளை இடமிருந்து ஏ முதல் எச் வரையும், கிடை வரிசைகளைக் கீழிருந்து 1 முதல் 8 வரையும் குறிப்பது வழக்கம். குதிரை நேராக இரண்டு கட்டமும் பக்கவாட்டில் ஒரு கட்டமும் கடந்து தாவும். வெறும் பலகையின் ஏ1 மூலையில் ஒரு குதிரையை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு முறை மட்டும் கால்பதித்து, அறுபத்து நான்கு கட்டங்களையும் சுற்றி, எதிர்மூலையான எச்8இல் பயணத்தை முடிக்க முடியுமா? மாணவர்கள் கட்டம் போட்ட நோட்டில் எண்களை எழுதியபடி உடனே முயலத் தொடங்குவார்கள். ஐம்பது கட்டங்கள் வரை சிக்கலின்றிச் செல்பவர்கள் உண்டு. அறுபதை எட்டுபவர்களும் உண்டு. இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்திருந்தால் முடித்திருக்கலாம் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள். அந்த எண்ணம் அவர்களுக்குள் நன்றாக ஊறும்வரை நான் காத்திருப்பேன்.

பிறகு ஒரே ஒரு செய்தியைக் கவனிக்கச் சொல்வேன். குதிரை வெள்ளைக் கட்டத்திலிருந்து தாவினால் கறுப்புக் கட்டத்தில்தான் இறங்கும். கறுப்பிலிருந்து தாவினால் வெள்ளையில்தான் இறங்கும். இதற்கு விலக்கே கிடையாது. அறுபத்து நான்கு கட்டங்களையும் மிதிக்க அறுபத்து மூன்று தாவல்கள் தேவை. அறுபத்து மூன்று ஒற்றைப்படை எண். ஆகவே பயணம் தொடங்கிய கட்டமும் முடியும் கட்டமும் வெவ்வேறு நிறத்தில் இருந்தே தீர வேண்டும். ஏ1, எச்8 இரண்டும் ஒரே மூலைவிட்டத்தின் இரு முனைகள், இரண்டும் கறுப்பு. எனவே அப்படியொரு பயணம் கிடையாது. எவ்வளவு பொறுமை இருந்தாலும் கிடையாது. கணினியைக் கொண்டு தேடினாலும் கிடையாது.

‘என்னால் முடியவில்லை’ என்பதிலிருந்து ‘எவராலும் முடியாது’ என்பதற்கு மாணவர் நகரும் அந்த இடத்தில்தான் கணிதம் பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கோடிக்கணக்கான பாதைகளில் ஒன்றைக்கூட முழுமையாகப் பார்க்காமல் அவை அனைத்தையும் பற்றி ஐயமற்ற முடிவுக்கு வர முடியும் என்பதைப் பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு ஐந்தே நிமிடத்தில், எந்தச் சூத்திரமும் இல்லாமல் காட்டக்கூடிய இடம் சதுரங்கப் பலகையைப் போல் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. இதே நிற வாதத்தைக் கொண்டு, எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டிய பலகையை, இரண்டிரண்டு கட்டங்களை மறைக்கும் முப்பத்தொரு டோமினோக்களால் நிரப்ப முடியாது என்பதையும் நிரூபித்துவிடலாம். ஒவ்வொரு டோமினோவும் ஒரு வெள்ளையையும் ஒரு கறுப்பையும் மறைக்கும். வெட்டுண்ட பலகையிலோ ஒரு நிறத்தில் முப்பதும் மறு நிறத்தில் முப்பத்திரண்டும் எஞ்சுகின்றன.

குதிரைப் பயணத்தின் வரலாறும் செழிப்பானது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அலங்கார நூலாசிரியர் ருத்ரடர், பாதிப் பலகையின் முப்பத்திரண்டு கட்டங்களுக்கு முப்பத்திரண்டு எழுத்துகளாக ஒரு வடமொழிச் செய்யுளை அமைத்தார். அதை வரிசையாகப் படித்தாலும், குதிரை தாவும் முறையில் கட்டம் கட்டமாகப் படித்தாலும் அதே செய்யுள்தான் வரும். பதினான்காம் நூற்றாண்டில் வேதாந்த தேசிகர் தம் பாதுகா சஹஸ்ரத்தில் ஒரு செய்யுளைக் குதிரை நடையில் படித்தால் அடுத்த செய்யுள் கிடைக்கும்படி இயற்றினார். கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றையும், எழுத்துகளைத் தேர் வடிவில் அடுக்கும் ரதபந்தத்தையும் அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இவர்கள் ஒரு பயணத்தைக் கண்டுபிடித்து அதில் கவிதையை ஏற்றினார்கள். கணித மேதை ஆய்லர் 1759இல் பெர்லின் அறிவியல் கழகத்துக்கு அளித்த கட்டுரையில் வேறொரு வகையில் அணுகினார்: பாதியில் சிக்கிக்கொண்ட பயணத்தை எவ்வாறு திருத்தி முழுமையாக்குவது, அதற்குப் பொதுவான வழிமுறை உண்டா என்று கேட்டார். பின்னர், எப்போதும் அடுத்த தாவலுக்கு மிகக் குறைந்த வழிகளே எஞ்சியிருக்கும் கட்டத்துக்குச் செல்க என்ற எளிய விதியை வார்ன்ஸ்டார்ஃப் 1823இல் வெளியிட்டார். அந்த விதியை மாணவர்களிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். முன்பு திணறியவர்களில் பலர் பயணத்தை முடித்துக் காட்டுவார்கள். தொடங்கிய கட்டத்துக்கே திரும்பி வரக்கூடிய பயணங்கள், திசையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 13,267,364,410,532 என்பது இன்று கணினியால் எண்ணி முடிக்கப்பட்ட செய்தி.

இவ்வளவு பெரிய எண்ணைக் குறிப்பிட்டவுடன் சதுரங்கத்தைப் பற்றிய கட்டுரைகள் எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெறும் தானியக் கதை நினைவுக்கு வருகிறது. தங்கள் கட்டுரையிலும் அது இருந்தது. முதல் கட்டத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் மொத்தம் 18,446,744,073,709,551,615 மணிகள் என்பது சரியான கணக்கு. ஆனால் எண்ணைச் சொல்லி வியப்பதோடு கதை நின்றுவிடுகிறது. எந்தக் கட்டத்தை எடுத்துக்கொண்டாலும் அதிலுள்ள மணிகள் அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்திலும் உள்ள மணிகளின் கூடுதலைவிடச் சரியாக ஒன்று அதிகம். மூன்றாவது கட்டத்தில் நான்கு. முந்தைய இரண்டிலும் சேர்த்து மூன்று. இதைக் குழந்தை தானே கண்டுகொண்டால் அறுபத்து நான்கு எண்களைக் கூட்டும் வேலையே இல்லாமற்போகிறது. கதையில் இருக்கும் கணிதம் அதுதான்.

எண்ணுவதில் உள்ள கலையைக் காட்டுவதற்கு எட்டு ராணிப் புதிர் இன்னும் சிறந்தது. ஒன்றையொன்று தாக்காதபடி எட்டு ராணிகளைப் பலகையில் எத்தனை விதமாக வைக்கலாம்? மாக்ஸ் பெஸல் என்ற ஜெர்மானியச் சதுரங்க வீரர் 1848இல் எழுப்பிய கேள்வி இது. மாபெரும் கணித மேதை கௌஸும் இதில் ஈடுபாடு காட்டினார். அறுபத்து நான்கு கட்டங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்க 442 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. ஒவ்வொன்றாகச் சரிபார்க்க மனித ஆயுள் போதாது. ஆனால் ஒரு வரிசையில் ஒரு ராணிதான் நிற்க முடியும் என்பதைக் கவனித்த கணமே அது 1,67,77,216 ஆகச் சுருங்குகிறது. செங்குத்து வரிசைக்கும் அதே விதி பொருந்தும் என்று கண்டால் 40,320 ஆகிறது. எஞ்சுவது மூலைவிட்டங்கள் மட்டுமே. அவற்றையும் சரிபார்த்து முடிக்கும்போது 92 விடைகள் கிடைக்கின்றன. 1850இல் ஃபிரான்ஸ் நாவுக் இந்த எண்ணிக்கையை வெளியிட்டார்.

இங்கேயும் நிறுத்த வேண்டியதில்லை. பலகையைச் சுழற்றியும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பியும் ஒரு விடையிலிருந்து மற்ற விடைகளைப் பெறலாம் என்பதால் அடிப்படையான விடைகள் பன்னிரண்டுதான். பன்னிரண்டை எட்டால் பெருக்கினால் தொண்ணூற்றாறு வர வேண்டுமே, தொண்ணூற்றிரண்டு எப்படி வந்தது என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டும். அவற்றுள் ஒரு விடை மட்டும் பலகையை அரைச்சுற்றுச் சுழற்றினாலும் மாறாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே அதிலிருந்து எட்டுக்குப் பதில் நான்கு வடிவங்களே கிடைக்கின்றன. பதினொன்றை எட்டால் பெருக்கி நான்கைக் கூட்டினால் கணக்கு நேராகிறது. கல்லூரியில் குலக் கோட்பாடு என்ற பெயரில் படிக்கவிருக்கும் ஒரு பெரிய துறையின் வாசல் இது. எட்டுக்குப் பதிலாக எந்த அளவுப் பலகையானாலும் விடைகளின் எண்ணிக்கையைத் தரும் எளிய சூத்திரம் இதுவரை கிடைக்கவில்லை. மிகப் பெரிய பலகைகளுக்கு ஒரு நல்ல மதிப்பீட்டை மைக்கேல் சிம்கின் 2021இல்தான் தந்தார். பள்ளி மாணவருக்குப் புரியும் கேள்வி ஒன்று நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வாளர்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நம் குழந்தைகள் அறிய வேண்டும். கணிதம் முழுவதும் முன்னோர் முடித்து வைத்துவிட்டுப் போன பாடம் என்ற எண்ணமே அவர்களிடம் மேலோங்கியிருக்கிறது.

ஆட்டத்துக்கு வெளியே உள்ள புதிர்களைத்தான் சொல்கிறீர்கள், ஆட்டத்துக்குள் கணிதம் இல்லையா என்று சதுரங்கப் பயிற்சியாளர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி 1921இல் அமைத்த ஓர் இறுதியாட்ட நிலையைப் பலகையில் வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளை ராஜா எச்8இல், வெள்ளைச் சிப்பாய் சி6இல், கறுப்பு ராஜா ஏ6இல், கறுப்புச் சிப்பாய் எச்5இல். ஆட வேண்டியது வெள்ளை. கறுப்புச் சிப்பாய் நான்கு நகர்வுகளில் கடைசி வரிசையை எட்டி ராணியாகிவிடும். அதைத் துரத்திப் பிடிக்க வெள்ளை ராஜாவுக்கு இரண்டு நகர்வுகள் குறைகின்றன. வெள்ளைச் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. தோல்வி உறுதி என்றே எவருக்கும் தோன்றும்.

ஆனால் வெள்ளை ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவிட்டமாக இறங்கினால் ஆட்டம் டிராவில் முடிகிறது. எச்8இலிருந்து ஐந்தாவது வரிசைக்கு நேராக இறங்கினாலும் மூன்று நகர்வுகள். மூலைவிட்டமாக இறங்கினாலும் அதே மூன்றுதான். காகிதத்தில் வரைந்து அளந்தால் மூலைவிட்டப் பாதை நீளமானது என்று பிதாகரஸ் தேற்றம் சொல்லும். எத்திசையிலும் ஒவ்வொரு கட்டமாக நகரும் ராஜாவின் உலகில் அத்தேற்றம் செல்லாது. அங்கே மூலைவிட்டத்தில் நடப்பதற்குக் கூடுதல் செலவு கிடையாது. ஆகையால் ஒரே நடையில் எதிரியின் சிப்பாயை நோக்கியும் தன் சிப்பாயை நோக்கியும் ராஜா நெருங்குகிறார். இ5இல் வந்து நின்றதும் அவருக்கு இரண்டு வழிகள் திறக்கின்றன. கறுப்பு ராஜா சி6இல் உள்ள சிப்பாயை வெட்டினால், எஃப்4 வழியாகச் சென்று எச் வரிசைச் சிப்பாயைப் பிடித்துவிடுவார். கறுப்பு தன் சிப்பாயை முன்னேற்றினால், டி6க்குச் சென்று தன் சிப்பாய்க்குத் துணை நின்று அதையும் ராணியாக்கிவிடுவார். இதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குறையவில்லை.

தூரத்தை அளக்கும் முறையை மாற்றினால் வடிவியலே மாறிவிடுகிறது என்பது கணிதத்தில் அடிப்படையான கருத்து. ராஜாவின் உலகில் ஒரு கட்டத்திலிருந்து சம தூரத்தில் உள்ள கட்டங்களை இணைத்தால் வட்டம் வராது, சதுரம் வரும். இ1இலிருந்து இ8க்கு ஏழே நகர்வுகளில் சென்றடைய நேர்ப்பாதை ஒன்றுதான் உண்டு என்று மாணவர்கள் முதலில் சொல்வார்கள்; உண்மையில் 393 வழிகள் உள்ளன. ஏ1இலிருந்து எச்8க்கும் அதே ஏழு நகர்வுகள்தாம், ஆனால் அங்கே ஒரே வழி மட்டுமே உண்டு. ஏன் என்று யோசிக்க வைத்தால் ஒரு பாடவேளை போதாது.

ஆட்டம் முழுவதையும் ஒரு கணிதப் பொருளாகக் கண்டவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ. 1913இல் வெளியான அவருடைய கட்டுரை, சதுரங்கத்தின் தொடக்க நிலையில் மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்ற முடிவுக்கு அடித்தளம் இட்டது: வெள்ளை கட்டாயம் வெல்ல ஒரு வழி இருக்கிறது, அல்லது கறுப்பு கட்டாயம் வெல்ல ஒரு வழி இருக்கிறது, அல்லது இரு தரப்பும் தோல்வியைத் தவிர்த்துக்கொள்ள முடியும். மூன்றில் எது என்று இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. ஒரு விடை இருக்கிறது என்று உறுதியாக அறிவதும் அந்த விடையைக் கையில் பெறுவதும் இரு வேறு செயல்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. வெள்ளைக்கு முதல் நகர்வில் இருபது வாய்ப்புகள். கறுப்பும் ஒரு முறை ஆடி முடித்ததும் நானூறு. இரு தரப்பும் மும்மூன்று முறை ஆடி முடிப்பதற்குள் வழிகளின் எண்ணிக்கை 11,90,60,324 ஆகிவிடுகிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில், நடக்கக்கூடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைத் தோராயமாக ஒன்றுக்குப் பின் 120 சுழியங்கள் என்று மதிப்பிட்டார். பலகையில் ஏழு காய்களோ அதற்குக் குறைவாகவோ எஞ்சிய நிலைகளுக்கு மட்டும், செக்மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கணினிகள் முழுமையான தீர்ப்பை எழுதி முடித்துவிட்டன. அவற்றுள் வெற்றிக்கு ஐந்நூறு நகர்வுகளுக்கு மேல் தேவைப்படும் நிலைகளும் இருக்கின்றன.

மேலே பெயர் குறிப்பிட்ட யூவேயிடம் மட்டும் இரு துறைகளும் உண்மையாகவே கைகோத்தன. ஒரே நகர்வுத் தொடர் இடைவிடாமல் மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் ஆட்டம் டிரா என்ற விதி அக்காலத்தில் பேசப்பட்டது. அந்த விதி இருந்தும் முடிவே இல்லாத ஆட்டம் சாத்தியம் என்று 1929இல் அவர் நிரூபித்தார். சுழியத்தில் தொடங்கி, எழுதியதில் 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றிப் பின்னால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்: 0, பிறகு 01, பிறகு 0110, பிறகு 01101001. இப்படி முடிவின்றி வளரும் தொடரில் எந்தத் துண்டும் மூன்று முறை அடுத்தடுத்து வருவதில்லை. சுழியம் வரும்போது இரு தரப்பும் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்து திரும்ப வைக்க வேண்டும். ஒன்று வரும்போது ராணி பக்கத்துக் குதிரையை அவ்வாறே செய்ய வேண்டும். விதி மீறப்படாது, ஆட்டமும் முடியாது. துவே–மோர்ஸ் தொடர் என்று இன்று அழைக்கப்படும் இதனை ஆறு ஆண்டுகளுக்குப் பின் உலக சாம்பியனாகப் போகிறவர் தாமே கண்டடைந்து பயன்படுத்தினார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது. இன்றைய விதிகள் நிலை திரும்ப வருவதையும், சிப்பாய் நகராமலும் காய் வெட்டப்படாமலும் கடக்கும் நகர்வுகளையும் எண்ணுவதால் இந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

வீரர்களின் ஆட்டத்திறனை அளக்கும் தரப்புள்ளிகளை வெளியிடும் செய்திகளில்கூடக் கணிதம் ஒளிந்திருக்கிறது. இயற்பியல் பேராசிரியரான அர்பாட் ஈலோ வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட முறையில், இருவருக்கிடையே 200 தரப்புள்ளி வேறுபாடு இருந்தால் வலியவர் நூறு ஆட்டங்களில், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில், ஏறத்தாழ 76 புள்ளிகள் எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. மீதி 24 புள்ளிகள் மெலியவருக்கு உரியவை. ஆகவே தரப்புள்ளி குறைந்த ஒருவர் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்றதை அதிசயம் என்று தலைப்பிடுவது பல நேரங்களில் பொருத்தமாக இருப்பதில்லை. இதைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கான வேண்டுகோளாகவும் கொள்ளலாம்.

இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, சதுரங்கப் புதிரை மெய்யான கணிதம் என்றே ஒப்புக்கொண்டார். ஆனால் அது முக்கியத்துவமற்ற கணிதம் என்றும் கருதினார். ஒரு நல்ல தேற்றம் வேறு பல கருத்துகளோடு தொடர்பு கொண்டு வளரும், சதுரங்கப் புதிரின் தீர்வு பலகையோடு நின்றுவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு குறிப்பிட்ட நிலையில் மூன்று நகர்வுகளில் செக்மேட் செய்வதைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் பலகையைப் பற்றிய கேள்விகள் பலகையோடு நிற்கவில்லை என்பதே நான் மேலே காட்டியவற்றின் பொருள். குதிரைப் பயணம், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலின் தொடக்கக் கேள்விகளுள் ஒன்றாயிற்று. செர்மெலோவின் கட்டுரை ஆட்டக் கோட்பாட்டின் தொடக்ககால எழுத்துகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. சதுரங்கம் ஆடும் இயந்திரத்தைப் பற்றிய ஷானனின் சிந்தனை கணினியியலில் பெருவழியைத் திறந்தது.

ஆகவே பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். சதுரங்கத்தைச் சதுரங்கத்துக்காகவே கற்றுக்கொடுங்கள். தோல்வியைத் தாங்கவும், எதிரில் இருப்பவரின் எண்ணத்தை மதிக்கவும், ஒரு மணி நேரம் அசையாமல் யோசிக்கவும் அது பழக்கினால் அதுவே பெரும்பேறு. கணித மதிப்பெண் உயரவில்லை என்பதற்காக ஒரு குழந்தையைச் சதுரங்க வகுப்பிலிருந்து நிறுத்தும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். கொடுக்க முடியாத வாக்குறுதியைக் கொடுத்ததன் விளைவு அது. கணித வகுப்பிலோ, ஆடத் தெரியாத குழந்தைகளும் பங்கேற்கும் வகையில், காய்களின் நகர்வை மட்டும் சொல்லிக்கொடுத்துப் பலகையை ஒரு கணிதக் கருவியாகப் பயன்படுத்துங்கள். நன்றாக ஆடும் குழந்தைக்கும் ஆடவே தெரியாத குழந்தைக்கும் இந்தக் கேள்விகளில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அடுத்த நகர்வைக் காண்பதில் தேர்ந்த மாணவர், ‘எதனால் முடியாது’ என்ற கேள்வியில் தடுமாறுவதையும், சதுரங்கத்தில் எப்போதும் தோற்கும் மாணவி அதே கேள்விக்கு முதலில் விடை சொல்வதையும் நான் கண்டிருக்கிறேன்.

தங்கள் நாளிதழின் சதுரங்கப் பகுதியில், இரண்டு நகர்வுகளில் செக்மேட் செய்க என்பதைப் போன்ற புதிர்களுக்குப் பக்கத்தில், நிரூபிக்கச் சொல்லும் ஒரு கேள்வியையும் அவ்வப்போது வெளியிட்டால் ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும். முதல் கேள்வியாக இதைக் கொள்ளலாம். ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட சிறிய பலகையில் கட்டத்துக்கு ஒன்றாக இருபத்தைந்து குதிரைகள் நிற்கின்றன. மணி அடித்ததும் எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் தத்தம் முறைப்படி ஒரு முறை தாவ வேண்டும். தாவி முடித்த பின்னும் கட்டத்துக்கு ஒரு குதிரைதான் நிற்க வேண்டும். இது முடியுமா? முடியும் என்றால் செய்து காட்டுக; முடியாது என்றால் காரணம் கூறுக. விடையை மட்டும் எழுதுவோரின் பெயரை வெளியிடாமல், காரணத்தையும் எழுதும் மாணவர்களின் கடிதங்களை அவர்கள் சொற்களிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணித ஆசிரியர் ஒருவர்